டென்ஷனுக்கு பாக்டீரியா மாத்திரையா?

பௌர்ணமி இரவில் என் மருந்துக்கடை விடிய விடியத் திறந்திருக்கும். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி எமலிங்கத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது கடை. 14 கிலோமீட்டர் மலையை வெறுங்காலில் சுற்ற வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். முட்டிவலிக்கு ஸ்ப்ரே, கணுக்காலுக்கு கிரேப் பேண்டேஜ், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, மயக்கமாக வருகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கேட்கும் முன்பே கை அந்த அலமாரிக்குப் போய்விடும்.

போன பங்குனிப் பௌர்ணமியன்று இரவு ஒன்றரை மணி இருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கடைக்கு நாலு கம்பம் தள்ளி, சாலையோரம் இட்லிக் கடை போட்டிருப்பவள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே செல்போனை நீட்டினாள்.

"அக்கா, இந்த மாத்திரை உங்ககிட்ட இருக்குதா?"

ஒரு விளம்பரம். பச்சை நிறக் காப்ஸ்யூல், பக்கத்தில் சிரிக்கும் பெண் முகம். குடலில் நல்ல பாக்டீரியா பெருகினால் மனம் அமைதியாகும், படபடப்பு போகும், தூக்கம் வரும் என்று அழகான தமிழில் எழுதியிருந்தது. "பக்கத்துக் கடைப் பொண்ணு அனுப்பிச்சா. ரெண்டு மாசமா ஒரே டென்ஷன் அக்கா. சும்மா உக்காந்திருந்தாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குது. கண்ண மூடினா தூக்கம் வரல."

அந்த மாத்திரை என்னிடம் இருந்தது. ஃபிரிட்ஜில் இரண்டாவது தட்டில், இன்சுலின் பெட்டிகளுக்குப் பக்கத்தில். பத்து காப்ஸ்யூல் கொண்ட அட்டை 300 ரூபாய்க்கு மேல். தினமும் ஒன்று வீதம் இரண்டு மாதம் சாப்பிடச் சொல்கிறது பெட்டி. மொத்தம் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். அவளுக்கு அது ஒரு வாரக் கடன் தவணைப் பணம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. "இது உனக்கு வேணாம்மா" என்றேன். "ஏங்க்கா, நல்லதில்லையா?" என்றாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அவளுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த விளம்பரம் அவளுக்கு மட்டும் வரவில்லை.

நல்லதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 24 வருடங்களாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். இந்தப் பொருளுக்கு உரிய இடம் எது என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு 2001-ல் 'புரோபயாடிக்' என்றால் என்ன என்று வரையறுத்தது: போதுமான அளவில் கொடுத்தால் உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். உயிரோடு இருக்க வேண்டும், அளவு போதியதாக இருக்க வேண்டும், நன்மை காட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைச் சில குறிப்பிட்ட வகைகள் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. டாக்டர் அதற்காக எழுதிய சீட்டோடு வந்தால் மனமாரக் கொடுக்கிறேன். அதே பொருள் குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்குக்கூட எல்லா நேரமும் உதவுவதில்லை. 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், 1,800-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்ததில், புரோபயாடிக் கொடுத்ததற்கும் வெறும் பொடி கொடுத்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வயிற்று வியாதியிலேயே இப்படி ஆளுக்கு ஆள், வகைக்கு வகை மாறுகிற பொருளை மனபாரத்துக்கு மருந்தாக விற்கிறார்கள். என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

வயிற்றுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. இதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. கெட்ட சேதி கேட்டால் நமக்கு வயிற்றில்தான் புளியைக் கரைக்கிறது. பொறாமை வந்தால் எரிவது வயிறு. பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் பால் வார்ப்பதும் அங்கேதான். பரீட்சை நாள் காலையில் என் கடைக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை கேட்டு வரும் பிளஸ் டூ பிள்ளைகளைக் கணக்கெடுத்தால் போதும். மூளையிலிருந்து வயிறு வரைக்கும் ஓடுகிற வேகஸ் என்ற நரம்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இழைகள் வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை.

விளம்பரங்கள் இந்த உண்மையை எடுத்துக்கொண்டு ஒரு படி தாண்டிவிடுகின்றன. 'மகிழ்ச்சி தரும் செரடோனினில் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது, ஆகவே குடலைக் கவனியுங்கள், மனம் மகிழும்' என்பார்கள். உற்பத்தி அங்கேதான் என்பது சரி. ஆனால் குடலில் ஊறும் செரடோனின் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. குடலில் அது குடல் அசைவுக்கான வேலையைப் பார்க்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வாக்கியத்தின் முதல் பாதி உண்மையாக இருப்பதால் மறுபாதியையும் மக்கள் நம்பிவிடுகிறார்கள்.

இந்த ஆராய்ச்சி எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தேன். 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் பிறந்ததிலிருந்தே கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளைக் குறுகிய குழாயில் அடைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் அழுத்தத்துக்கான ஹார்மோன் அதிகமாகச் சுரந்தது. குடலில் குடியிருக்கும் உயிர்களுக்கும் பயத்துக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது என்று முதன்முதலில் பளிச்சென்று காட்டிய ஆய்வு அது. பிறகு 2011-ல் அயர்லாந்தின் கார்க் நகர விஞ்ஞானிகள், ஜான் கிரையனும் டெட் டினானும் இருந்த குழு, லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்ற இனத்தில் ஜே.பி.-1 என்ற வகையை எலிகளுக்கு ஊட்டினார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. நீரில் விட்டால் சும்மா கிடக்காமல் நீந்தின. அழுத்த ஹார்மோனும் குறைந்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது. எலிகளின் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு அதே பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பலனே இல்லை. கம்பி அறுந்தால் போன் பேசாததைப் போல. சேதி அந்த நரம்பு வழியாகத்தான் போகிறது என்று அவ்வளவு தெளிவாகக் காட்டினார்கள். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இப்படி மனசைத் தொடும் நுண்ணுயிர்களுக்கு 2013-ல் டினான் 'சைக்கோபயாடிக்' என்று பெயரும் வைத்தார்.

அதே குழு அதே ஜே.பி.-1 வகையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டது. ஆரோக்கியமான 29 ஆண்கள். நாலு வாரம் பாக்டீரியா, நாலு வாரம் வெறும் காப்ஸ்யூல். எது எந்த வாரம் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. மனஅழுத்தம், ஹார்மோன், ஞாபகசக்தி எல்லாம் அளந்தார்கள். வெறும் காப்ஸ்யூலைவிட எதிலும் மேலான பலன் இல்லை. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் தொலைந்துவிட்டதா என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். தன் கண்டுபிடிப்பு பொய்த்ததைத் தானே ஊருக்குச் சொன்ன அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். எங்கள் கடைக்கு வரும் எல்லா நோட்டீஸிலும் எலி ஆய்வு இருக்கிறது. 2017-ன் முடிவு எதிலும் இல்லை.

பலன் தெரிந்த ஆய்வுகளும் உண்டு, அவற்றை மறைத்தால் நானும் அந்த நோட்டீஸ்காரர்கள் செய்வதையே செய்தவள் ஆவேன். பிரான்சில் 55 ஆரோக்கியமானவர்களிடம் 30 நாள் இரண்டு வகை பாக்டீரியாவைச் சேர்த்துக் கொடுத்ததில் மனச்சோர்வு, பதற்ற மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. இது 2011-ல் வந்தது. ஜப்பானில் 47 மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சைக்கு முந்தைய எட்டு வாரம் புளித்த பால் பானம் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைவாக இருந்தது. அந்தப் பானத்தைத் தயாரிக்கும் யாகுல்ட் கம்பெனியின் ஆய்வு நிலையமே அதில் பங்கெடுத்திருந்தது. கார்க் குழுவே இன்னொரு வகையை 22 ஆண்களுக்குக் கொடுத்து, ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருக்கச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க, எச்சிலில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தது. குறைந்திருந்தது. பிரான்சில் பலன் கொடுத்த அதே இரண்டு வகைகளை நியூசிலாந்தில் மனம் சோர்ந்திருந்த 79 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தபோது வெறும் பொடிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

இருபத்தி ரெண்டு பேர், நாற்பத்தி ஏழு பேர், ஐம்பத்தைந்து பேர். எங்கள் ஊரில் தீபத்தன்று ஒரு தேநீர்க் கடையில் ஒரே நேரத்தில் நிற்கிற கூட்டம் இதைவிடப் பெரிது. ஒவ்வோர் ஆய்விலும் வேறு வேறு வகை, வேறு வேறு அளவு, வேறு வேறு நாள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த தொகுப்பாய்வுகளில் சில, ஆரோக்கியமானவர்களுக்கு மனஅழுத்தம் லேசாகக் குறைகிறது என்கின்றன. சில, வெறும் மாத்திரையைத் தாண்டி ஒன்றும் இல்லை என்கின்றன. நான் புரிந்துகொண்டது இதுதான்: இந்த ஆராய்ச்சி தொடர வேண்டிய ஒன்று. என்றைக்காவது ஒரு குறிப்பிட்ட வகை, ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு உதவும் என்று தெரியவரலாம். ஆனால் இன்றைக்கு, நோயில்லாத ஒருவரின் அன்றாட டென்ஷனுக்கு என்று காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

'எனக்குப் பலன் தெரிந்ததே' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் தெரிந்தது. என் மகள் பிளஸ் டூ எழுதிய வருஷம், ஜனவரியிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. கடையில் கணக்கு தப்பியது. ஒருநாள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பிரஷர் மாத்திரையில் அளவு மாறிவிட, அவர் படிக்கட்டு இறங்குவதற்குள் ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தேன். அன்றிரவே பாக்டீரியா காப்ஸ்யூல் போட ஆரம்பித்தேன். விற்பனைக்கு இருந்ததில் ஒரு பெட்டியை எடுத்துக் காசைக் கல்லாவில் போட்டேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, தவறாமல் 30 நாள். மாதக் கடைசியில் மனசு லேசாகத்தான் இருந்தது.

பிறகு அந்த மாதத்தை எழுதிப் பார்த்தேன். அந்தத் தப்புக்குப் பிறகு பயந்துபோய் ராத்திரிக் கடையைப் பத்து மணிக்கே சாத்தினேன். பகலில் நாலு டீ இரண்டாகக் குறைந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டுமே என்று ஒரே நேரத்தில் எழுந்தேன். என் தம்பி மனைவி வந்து தங்கி மகளைப் பார்த்துக்கொண்டாள். கடைசி வாரத்தில் பரீட்சையே முடிந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அந்தக் காப்ஸ்யூலுக்கு எவ்வளவு பங்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? எல்லாரும் தாங்க முடியாமல் போகிற நாளில்தான் மாத்திரையைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் போன எதுவும் கொஞ்ச நாளில் தானாகவே இறங்கும். இறங்குகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் கிடைக்கிறது. வெறும் காப்ஸ்யூல் கொடுத்து ஒப்பிடும் ஆய்வுகள் இதற்காகத்தான். என் ஒருத்தியின் 30 நாளை வைத்து ஓர் இட்லிக் கடைக்காரியிடம் இரண்டாயிரம் ரூபாய் வாங்க எனக்கு உரிமையில்லை.

கடைக்காரி என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உயிருள்ள சரக்கு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மொத்த வியாபாரியிடமிருந்து பார்சல் பஸ்ஸின் மேலேயோ டிக்கியிலோ வரும். பஸ் நிலையத்தில் இறக்கிவைத்து, ஆள் போய் எடுத்துவரும் வரை அந்த அட்டைப்பெட்டி என்ன சூட்டில் கிடந்தது என்று யார் அளந்தார்கள்? விதை போலக் கூடு கட்டிக்கொள்ளும் பேசில்லஸ் வகைகள் சூடு தாங்கும். லாக்டோபேசில்லஸும் பிஃபிடோ வகைகளும் அப்படித் தாங்குவதில்லை. ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி பொதுவாகச் சொல்கிறது. பெட்டியில் பல நூறு கோடி என்று போட்டிருக்கும். என் ஃபிரிட்ஜுக்கு வரும்போது எத்தனை மிச்சம் என்று எனக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பல பெட்டிகளின் ஓரத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். மருந்துச் சட்டத்தின் கீழ் வராமல் உணவுச் சட்டத்தின் கீழ் ஊட்டத் துணைப்பொருளாக வருகிறவை அவை. வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மருந்துக்கடை அலமாரியில் இருப்பதால் மருந்து என்றே நினைத்து வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கள் கடையின் மேல் வைத்த நம்பிக்கை. அதனால்தான் பொறுப்பும் எங்களுடையது என்கிறேன்.

ஐரோப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், புரோபயாடிக் கம்பெனிகள் 'இது இந்த நன்மை செய்யும்' என்று கொண்டுபோன கோரிக்கைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பியது. தயிரில் உள்ள உயிருள்ள பாக்டீரியா பால்சர்க்கரையைச் செரிக்க உதவும் என்பதை 2010-ல் ஏற்றுக்கொண்டது. அதே 2010-ல் அமெரிக்காவில் டானோன் நிறுவனம் தன் தயிர்ப் பொருள்களின் விளம்பரத்தில் மிகைப்படுத்திய புகாருக்காக 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அங்கே கேள்வி கேட்கிறார்கள். இங்கே செல்போனில் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு வருகிற விளம்பரத்தை யார் கேட்பது?

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: 'அதுக்குத்தான் நம்ம பழைய சோறு இருக்கே!' அந்தக் குரலோடும் எனக்குச் சண்டை உண்டு. பழைய சோறு என் தினசரிக் காலைச் சாப்பாடு. மண்சட்டியில் ராத்திரி நீரூற்றிய சோறு, காலையில் மோர் விட்டுப் பிசைந்து, கூடவே சின்ன வெங்காயம், இரண்டு மோர்மிளகாய். வெயில் காலத்தில் அதற்கு ஈடு எனக்கு வேறில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழை அண்டா பக்கத்தில் நின்று வாங்கிக் குடிக்கிறவள்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்து அரசு நிதியில் ஆய்வு நடப்பதைப் படித்து மகிழ்ந்தவளும்தான். ஆனால் அந்த ஆய்வு குடல் நோயாளிகளைப் பற்றியது. அதை மனக்கவலைக்கு மருந்தாக்கி வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள், காப்ஸ்யூல் விளம்பரக்காரர் செய்யும் அதே தாவலைத் தாங்களும் செய்கிறார்கள். இட்லியில் புரோபயாடிக் இருக்கிறது என்றும் எழுதுகிறார்கள். புளித்த மாவில் பாக்டீரியா உயிரோடு பொங்கிக்கொண்டிருப்பது நிஜம். இட்லிப் பானையில் வைத்து வேகவைத்த பிறகு அதில் உயிரோடு எது மிச்சமிருக்கும்? இட்லி நல்ல உணவு, எளிதில் செரிக்கிற உணவு. அந்தப் பெருமை அதற்குப் போதும்.

உணவாக என்றால் எனக்குச் சொல்ல நல்ல சேதியே இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளைத் தினமும் நிறையக் கொடுத்ததில், குடல் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் புரதங்களில் 19 குறைந்தன. கார்க் நகரக்காரர்கள் நார்ச்சத்தும் புளித்த உணவும் நிறைந்த சாப்பாட்டை 45 பேரில் ஒரு பகுதியினருக்கு நாலு வாரம் கொடுத்தார்கள். தாங்கள் உணரும் அழுத்தம் 32 சதவீதம் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். சாதாரண உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்தது. யாரோ நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நாலு வாரம் அக்கறையாக விசாரித்தாலே கொஞ்சம் குறைகிறது. இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு உறை ஊற்றி வீட்டில் எல்லாரும் தயிர் சாப்பிடுங்கள், ஜவ்வாது மலைச் சாமையும் கீரையும் சேருங்கள், உடம்புக்கு நல்லது என்று தைரியமாகச் சொல்வேன். டென்ஷன் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த இட்லிக் கடைப் பெண்ணுக்கு வருகிறேன். அன்றிரவு கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் அவளைக் கூப்பிட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். மூன்று மணிக்கு மாவு, சாம்பார். பதினோரு மணிக்குப் படுக்கை. மகளிர் குழுக் கடன் ஒன்று, அதை அடைக்க எடுத்த வாரத் தவணைக் கடன் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வசூல்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். திங்கட்கிழமை ராத்திரிதான் படபடப்பு அதிகம் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் படபடப்புக்கு எந்தக் குடல் பாக்டீரியா பதில் சொல்லும்?

அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகம் வெளுத்துக் கிடந்தது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் அங்கேயும் சிவப்பில்லை. மாதவிலக்கு எப்படி என்றேன். ஆறேழு நாள், அதுவும் கட்டி கட்டியாக. மறுநாள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னேன். நாலு நாள் கழித்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஹீமோகுளோபின் 8. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. ரத்தம் குறைந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், எதைச் செய்தாலும் சலிப்பாக வரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 'டென்ஷன்' என்று என் கடைக்கு வருகிறவர்களில் தைராய்டு இருந்தவர்கள் உண்டு, சர்க்கரை இருந்தது தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. நான் ஒரு அட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அவள் இரண்டு மாதம் அதை நம்பிக் காத்திருந்திருப்பாள்.

அதைவிடக் கவலையான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை ஒரு வருடமாக ஒழுங்காக வாங்கி வந்த ஓர் இளைஞர் திடீரென்று நின்றுபோனார். தெருவில் பார்த்துக் கேட்டபோது, 'கெமிக்கலை விட்டுட்டேன் அக்கா, இப்ப இயற்கையா பாக்டீரியா எடுத்துக்கறேன்' என்றார். மூன்று வாரத்தில் அவர் அம்மா அழுதுகொண்டே கடைக்கு வந்தார். நல்லவேளையாக மறுபடி சிகிச்சைக்குப் போய்த் தேறிவிட்டார். மனநல மருந்தைத் தானாக நிறுத்துவது ஆபத்து. அந்த இடத்தில் எந்தக் காப்ஸ்யூலையும் வைக்க முடியாது. தூக்கமின்மையும் மனபாரமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாக வேண்டும் போல் ஓர் எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். கல்லாவுக்கு மேல் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். செல்போனில் குறித்துக்கொண்டு போகிறவர்களைத் தினம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் மாத இலக்குக்காக ஓடுகிற பிள்ளைகள். போன மாதம் ஒரு தம்பி வந்து, பத்துக்கு ரெண்டு இலவசம் என்று ஸ்கீம் சொல்லி, கல்லா மேசைமேல் வைக்க அட்டையில் செய்த ஸ்டாண்டு ஒன்றைக் கொடுத்தார். 'ஸ்ட்ரெஸ்ஸா? சிரிங்க!' என்று அதில் எழுதியிருந்தது. சில மருந்துகளைவிட இதில் லாபம் கூடுதல். கடை வாடகை, பௌர்ணமி இரவுக்கு வைக்கும் ஆள் கூலி, கரண்ட் பில் எல்லாம் எனக்கும் உண்டு. ஸ்டாண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஆன்டிபயாட்டிக் சீட்டுகளுக்கு வேண்டிய அளவு மட்டும் ஆர்டர் போட்டேன். டென்ஷனுக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம், 'ஆதாரம் போதாது, காசை வீணாக்க வேண்டாம், முதலில் ரத்தம் பாருங்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் சொல்லுங்கள்' என்கிறேன். அப்படியும் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிற ஆரோக்கியமானவருக்குக் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ரத்தநாளத்தில் குழாய் பொருத்தியவர்கள் ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுப்பதே இல்லை. எதிர்ப்புச் சக்தி இறங்கிய உடம்பில் இந்த 'நல்ல' பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

அடுத்த மாதம் எங்கள் மருந்து வணிகர் கூட்டம் இருக்கிறது. அங்கே இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். மனஅழுத்தத்துக்கு என்று எழுதிய ஸ்டாண்டு எதையும் நம் ஊர்க் கடைகளில் யாரும் கல்லா மேசையில் வைக்கக் கூடாது. ஊட்டத் துணைப்பொருள் பெட்டிகளின்மேல் ஆங்கிலத்தில் பொடியாக இருக்கும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியைத் தமிழில் பெரிதாக எழுதி, அந்த அலமாரியின் முன் ஒட்ட வேண்டும். என் கடையில் ஏற்கெனவே ஒட்டிவிட்டேன்.

சித்ரா பௌர்ணமி இரவில் அந்தப் பெண் வந்தாள். இரும்புச்சத்து மாத்திரை ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்களாம். "மாத்திரை போட்டா மலம் கறுப்பா போகுது அக்கா, பயமா இருக்கு" என்றாள். அது அப்படித்தான் போகும், பயப்படாதே, டீயோடு மட்டும் போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு என்றேன். கடன் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் வருகிறது. தங்கச்சியைக் கூடச் சேர்த்துக்கொண்டிருக்கிறாளாம், மாவு ஆட்டுவது இப்போது அவள் பொறுப்பு. கொப்புளத்துக்கு ரெண்டு பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு, இட்லிச் சட்டி அடுப்பில் இருக்கிறது என்று ஓடினாள்.